பிடியரிசியில் எழுந்த பள்ளிக்கூடம்

ஆண்டு பிறந்ததும் மலையகத்து லயங்களில் ஒரு புதிய சுறுசுறுப்புத் தோன்றும். ஐந்து வயது நிரம்பிய பிள்ளைக்கு வெள்ளைச் சீருடை தைக்கப்படும். புத்தகப்பைக்கும் சப்பாத்துக்கும் பணம் தேடும் தாய், மலையில் கொழுந்து பறிக்கும்போதும் தன் பிள்ளை பாடசாலைக்குப் போகும் முதல் நாளையே எண்ணிக்கொண்டிருப்பாள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் மஸ்கெலியாவிலும் இதுவே காட்சி. அதே நாட்களில், ஜனவரி 3ஆம் திகதி, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காகத் தம்மையே வழங்கிய புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவராவைத் திருச்சபை நினைவுகூருகின்றது. புதிய வகுப்புகள் தொடங்கும் காலத்தில் இப்புனிதரின் நினைவு வருவது நமக்கு விடுக்கப்படும் ஓர் அழைப்பு என்றே கொள்ளலாம்.

அந்த அழைப்புக்கு இப்போது கூடுதலான பொருள் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வீசிய டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்துச் சென்றது. மண்சரிவுகளில் உயிர்கள் மாண்டன, வீடுகள் புதைந்தன, பாதைகள் அறுந்தன, பாடசாலைகளும் சேதமுற்றன. இடிந்த சுவரை மீண்டும் எழுப்புவது யார்? அதற்கான பணம் எங்கிருந்து வரும்? கூலியை நம்பி வாழும் தொழிலாளர் குடும்பங்களால் என்ன செய்ய முடியும்? இக்கேள்விகளுக்கு ஒரு புனிதரின் வாழ்வு விடை தருகின்றது.

அந்த விடையைத் தேடி நாம் கேரளத்திற்குச் செல்ல வேண்டியிருக்கின்றது. ஆனால் நம் மலைநாட்டுக்கும் இந்தியாவின் மேற்குக் கரைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. கோவாவிலிருந்து வந்து, கண்டியை மையமாகக் கொண்டு உழைத்து, 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி அங்கேயே உயிர் நீத்தவர் புனித யோசப் வாஸ் அடிகளார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் சாவரா அடிகளாரை 2014 நவம்பர் 23ஆம் திகதி உரோமையிலும், யோசப் வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பிலும் புனிதராக உயர்த்தினார். இரண்டு மாதங்கள் நிறைவதற்கு முன்னரே இரு விழாக்களும் நிகழ்ந்தன.

உழவர் மண்ணில் ஒரு பிள்ளை

குட்டநாடு நீரும் வயலும் கலந்த தாழ்நிலம். நெல்லே அங்கு வாழ்வு. அம்மண்ணின் கைனகரி என்னும் சிற்றூரில் 1805ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் திகதி குரியாக்கோஸ் பிறந்தார். இறைப்பற்று மிக்க தாய் மரியம், பிள்ளையை வெச்சூர் மாதா ஆலயத்திற்குத் தூக்கிச் சென்று அன்னைக்குக் காணிக்கையாக அளித்தார். தாயின் மடியில் செபம் கற்ற சிறுவன், ஐந்தாம் வயதில் ஊர்க் களரியில் ஓர் இந்து ஆசானிடம் எழுத்துக் கற்றான். பிற்காலத்தில் தாம் திறந்த பள்ளிகளின் வாயிலை எல்லா மக்களுக்கும் திறந்து வைத்தவர், தம் முதல் எழுத்தைப் பிற சமயத்தவர் ஒருவரிடம் கற்றவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தச் செழிப்பான வயல்களில் உழைத்தோரின் நிலை மிகவும் கொடியது. உழவுத் தொழிலாளர் பலர் அடிமைகளாகவே நடத்தப்பட்டனர். நிலத்தோடு சேர்த்து விற்கவும் பட்டனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855ஆம் ஆண்டில்தான். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட அம்மக்களின் பிள்ளைகள் எழுத்தாணி பிடிப்பது யாரும் எண்ணிப் பார்த்திராத செயல். நெல்லை விளைவித்தவர் வீட்டில் சோறும் இல்லை, எழுத்தும் இல்லை.

1818ஆம் ஆண்டில் குரியாக்கோஸ் பள்ளிப்புறத்திலிருந்த குருமடத்தில் சேர்ந்தார். பாலக்கல் தோமா மல்பான் அங்கு அவருடைய ஆசிரியர். படிப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில் ஊரில் தொற்றுநோய் பரவியது. தாய், தந்தை, ஒரே சகோதரன் ஆகிய மூவரையும் அந்நோய் பறித்துச் சென்றது. வீடும் நிலமும் பார்ப்பாரற்றுப் போகும், குடும்பப் பெயர் அழிந்துவிடும் என்று அஞ்சிய உறவினர், அவரைத் திரும்பி வருமாறு வற்புறுத்தினர். அவர் அழுதார், ஆயினும் திரும்பவில்லை. குடும்பத்தின் பொறுப்பை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் அழைத்தலில் நிலைத்து நின்றார். 1829ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி அர்த்துங்கல் ஆலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தமக்கென ஒரு வீடு வேண்டாம் என்று துறந்தவர், பல்லாயிரம் பிள்ளைகளுக்குத் தந்தையாவார் என்று அன்று எவரும் அறிந்திலர்.

மன்னானம் குன்றின்மேல்

கோட்டயத்திற்கு அருகே மன்னானம் என்னும் இடத்தில் ஒரு சிறு குன்று உண்டு. 1831ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி அக்குன்றில் ஒரு துறவு இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பாலக்கல் தோமா மல்பானும் போருக்கர தோமா மல்பானும் அம்முயற்சியின் தூண்கள். இளங்குருவான சாவரா அவர்களுடைய துணை. ஆனால் 1841ஆம் ஆண்டில் முதலாமவரும், 1846ஆம் ஆண்டில் இரண்டாமவரும் இறைவனடி சேர்ந்தனர். கட்டுமானமும் முழுமை பெறாமல், துணை நின்றவர்களும் மறைந்துவிட்ட நிலையில், முழுப் பொறுப்பும் சாவரா அடிகளாரின் தோளில் இறங்கியது.

சோர்ந்து அமர்வதற்குப் போதிய காரணம் இருந்த அதே 1846ஆம் ஆண்டில் அவர் இரு பெரும் பணிகளைத் தொடங்கினார். முதலாவது, மன்னானத்தில் ஒரு சமஸ்கிருதப் பள்ளி. சில சாதியினருக்கே உரியது என்று காக்கப்பட்ட கல்வியை அவர் ஊரார் அனைவருக்கும் திறந்து வைத்தார். இரண்டாவது, ஓர் அச்சகம். அச்சுப்பொறியை விலைக்கு வாங்க வழியில்லை. எனவே வாழைத்தண்டைச் செதுக்கி அதன் மாதிரியைத் தாமே செய்து, தச்சரிடம் காட்டி மரத்தால் பொறி செய்வித்தார். கையில் இருந்ததைக் கொண்டே தொடங்குவது அவருடைய வழக்கம். அந்த அச்சகத்திலிருந்தே 1887ஆம் ஆண்டில் தீபிகை என்னும் மலையாள இதழ் வெளிவந்தது.

பிறகு, ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக மன்னானத்திலும் அருகிலுள்ள ஆர்ப்பூக்கரையிலும் தொடக்கப்பள்ளிகளை நிறுவினார். பள்ளி திறந்தாயிற்று, ஆனால் பிள்ளைகள் வரவில்லை. காரணம் எளியது. பசித்த பிள்ளையால் பாடம் கேட்க முடியாது. கிழிந்த துணியோடு பிறர் முன் வந்து அமர அதற்குக் கூச்சம். வயலில் நாற்றுப் பறித்தால் ஒரு வேளைக் கஞ்சியாவது கிடைக்கும் என்று பெற்றோர் எண்ணினர். இதை அடிகளார் அறிந்திருந்தார். ஆகவே பிள்ளைகளுக்குப் புத்தகமும் உடையும் கொடுத்தார். மதிய உணவும் கொடுத்தார். எழுத்தும் சோறும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தபோது பிள்ளைகள் வந்தார்கள்.

ஒரு பிடி அரிசி

1861ஆம் ஆண்டில் சாவரா அடிகளார் சீரோ மலபார் மக்களின் முதன்மைக் குருவாக நியமனம் பெற்றார். பிளவினால் திருச்சபை கலங்கியிருந்த காலம் அது. மக்களை ஒன்றுபடுத்தும் கடும்பணிக்கு இடையிலும் அவர் பிள்ளைகளை மறக்கவில்லை. 1864ஆம் ஆண்டில் ஒவ்வோர் ஆலயத்தின் பக்கத்திலும் ஒரு பள்ளிக்கூடம் கட்டப்பட வேண்டும் என்று கண்டிப்பான கட்டளை பிறப்பித்தார். ஆலயம் இருக்கும் இடத்தில் பள்ளியும் இருக்க வேண்டும். பள்ளியில்லாத ஆலயத்தில் ஏதோ ஒன்று குறைகின்றது என்பதே அவருடைய உறுதியான எண்ணம்.

கட்டளை போடுவது எளிது. பள்ளியை நடத்துவது கடினம். பங்குகள் பெரும்பாலும் ஏழை உழவர்களின் பங்குகள். செல்வரின் நன்கொடையை மட்டும் நம்பினால், செல்வர் கைவிடும் நாளில் பள்ளி மூடப்படும். இதற்கு அவர் கண்ட வழி ஏழைகளின் அடுப்பங்கரையிலேயே இருந்தது. மலையாளத்தில் பிடியரி என்பார்கள். நம் தமிழில் பிடியரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு பானையில் இடுவது. அப்படிச் சேர்ந்ததை ஆலயத்தில் ஒப்படைப்பது. அந்த அரிசி ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவாயிற்று; பள்ளியின் செலவுக்கும் உதவிற்று.

ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் பட்டினி வந்துவிடவில்லை. ஆனால் நாள்தோறும் அரிசியை அளக்கும்போது, தாய்மார் யாவரும் முன்பின் அறியாத ஒரு பிள்ளையை நினைத்தார்கள். அதனால் அந்தப் பள்ளி அவர்களுக்கு வேற்றாரின் பள்ளியாகத் தோன்றவில்லை. தங்கள் சோற்றில் பங்குபெற்ற பள்ளியாகவே தோன்றிற்று. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணை ஆண்டவர் இயேசு ஏன் பாராட்டினார் என்பதைப் பிடியரிசிப் பானை மீண்டும் விளக்கிற்று. சிறுவன் ஒருவன் கொண்டுவந்த ஐந்து அப்பங்களைக் கையில் எடுத்து ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், குட்டநாட்டுத் தாய்மாரின் ஒரு பிடியையும் அவ்வாறே பெருகச் செய்தார்.

அதே காலத்தில் நம் மலைகளில்

இங்கே நாம் ஒரு கணம் நின்று நம் மலைநாட்டை நோக்க வேண்டும். 1864ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைகளில் கோப்பி விளைந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்ட நம் முன்னோர், மன்னாரில் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்த காலம் அது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரை தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். மலைகளின் முகமே மாறிற்று; ஆனால் தொழிலாளரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வரவில்லை. பிள்ளைகளின் சிறு விரல்களும் தோட்டத்தின் வேலைக்கு வேண்டியிருந்தன.

தோட்ட உரிமையாளர் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்னும் சட்டம் இலங்கையில் 1907ஆம் ஆண்டில் வந்தது. சாவரா அடிகளாரின் கட்டளைக்கு 43 ஆண்டுகள் பிந்தியது அச்சட்டம். அதன் பின்னரும் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு நீண்ட அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் படிப்பு என்ற அளவிலேயே நின்றது. 1945ஆம் ஆண்டில் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பிள்ளைக்கு அதன் பயன் உரியவாறு கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, தோட்டப் பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே நிலைமை மெல்ல மாறியது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் உதவியுடன் பல பாடசாலைகள் புதிய கட்டடங்களைப் பெற்றன. ஜெர்மனியின் உதவியுடன் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகத்திற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை வழங்கி வருகின்றது.

இந்த வரலாற்றில் ஓர் உண்மை மறைந்து கிடக்கின்றது. துரைமார் கட்டிய பள்ளி துரைமாரின் தேவைக்கு ஏற்ற அளவிலேயே இருந்தது. பெற்றோர் அதைத் தங்களுடையது என்று எண்ண இடமே இருக்கவில்லை. நெடுங்காலமாக வேரூன்றிய அந்த எண்ணம், பாடசாலை அரசிடம் சென்ற பிறகும் முற்றாக மறையவில்லை. சுவர் இடிந்தால் யாரோ வந்து கட்டுவார்கள். பிள்ளை படிக்காவிட்டால் ஆசிரியர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடும் வழக்கம் அதிலிருந்து பிறந்ததே. ஏழைகளிடம் பள்ளியை இரவலாகக் கொடுக்காமல், அவர்கள் கையாலேயே அதை எழுப்பச் செய்தது சாவரா அடிகளாரின் பேரறிவு.

பனம்பு மடமும் ஒரு கடிதமும்

பெண்பிள்ளைகளின் கல்வியைப் பற்றிய கவலையும் அடிகளாரை விடவில்லை. 1866ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆம் திகதி, இத்தாலியக் குருவான லெயோப்போல்டு பெக்காரோ அடிகளாரின் துணையோடு, கூனம்மாவு என்னும் ஊரில் பெண்களுக்கான துறவற சபையைத் தொடங்கினார். அதன் முதல் இல்லம் மூங்கிற் பாயால் அடைத்த குடிசை. மக்கள் அதைப் பனம்பு மடம் என்றே அழைத்தனர். கல்லும் சுண்ணாம்பும் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1868ஆம் ஆண்டில் அங்கு சிறுமியர் தங்கிப் பயிலும் பள்ளியும் தொடங்கிற்று. எழுத்தும் கைத்தொழிலும் மறைக்கல்வியும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. 1869ஆம் ஆண்டில் தம் சொந்த ஊரான கைனகரியில் ஆதரவற்றோருக்கு ஓர் இல்லம் ஏற்படுத்தினார்.

அதே 1868ஆம் ஆண்டில் கைனகரிக் குடும்பங்களுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நல்ல தந்தையின் இறுதி விருப்பமாக அதைப் பாதுகாக்கும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் கடவுள் பெற்றோரிடம் ஒப்படைத்த புனிதமான பொருள் என்றும், அதற்கு ஒரு நாள் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் அதில் நினைவூட்டினார். வயது வந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதோடு நின்றுவிடாமல் அது என்ன படிக்கின்றது, யாரோடு பழகுகின்றது என்று விசாரிக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். பிறருக்கு ஒரு நன்மையும் செய்யாமல் கழிந்த நாளை வாழ்ந்த நாளாகக் கணக்கிடலாகாது என்பதும் அவர் விட்டுச்சென்ற பாடங்களுள் ஒன்று.

நோயினால் தளர்ந்த அடிகளார், 1871ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி கூனம்மாவில் அமைதியாக இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 65. பின்னர் 1889ஆம் ஆண்டில் அவருடைய திருவுடல் எச்சங்கள் மன்னானம் குன்றுக்குக் கொண்டுவரப்பட்டன. 1986ஆம் ஆண்டு பெப்ரவரி 8ஆம் திகதி திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கோட்டயத்திற்கு வந்து, அல்போன்சா அம்மாளோடு சேர்த்து அவரையும் அருளாளராக உயர்த்தினார். அவர் தொடங்கிய இரு சபைகளின் துறவியரும் இன்றளவும் கல்விப் பணியில் ஈடுபட்டுள்ளனர்.

நம் கையிலுள்ள ஒரு பிடி

அன்பார்ந்த இறைமக்களே, சேதமுற்ற பாடசாலைகளைக் கட்டித் தருவது அரசின் கடமை. அந்தக் கடமையை நாம் உரிமையோடு கேட்க வேண்டும். சாவரா அடிகளாரும் தம் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்தியே பள்ளிகளை எழுப்பினார். ஆனால் அதிகாரத்தின் கட்டளை ஒருபுறமும் தாய்மாரின் பிடியரிசி மறுபுறமும் சேர்ந்தபோதே பள்ளி நிலைபெற்றது. இரண்டில் ஒன்று மட்டும் போதவில்லை.

நம் கையிலுள்ள ஒரு பிடி எது? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்திற்கு வேலை முடிந்த களைப்போடும் செல்லும் ஒரு தந்தையின் ஒரு மணி நேரம் அது. உயர்தரம் படித்த ஓர் இளைஞன், புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தன் லயத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் கற்பிக்கும் பாடம் அது. ஆலயத்தின் மண்டபத்தை மாலை வேளையில் திறந்து, படிக்கும் பிள்ளைகளுக்கு விளக்கேற்றி வைக்கும் ஒரு பங்கின் தாராளம் அது. சம்பள நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து வாங்கும் இரண்டு கொப்பிகள் அது.

இவற்றினும் பெரிய பிடி ஒன்றும் உண்டு. வறுமையின் நெருக்கத்தால் பிள்ளையைப் படிப்பின் நடுவில் நிறுத்திக் கொழும்புக் கடைகளுக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்பிவிடும் துயரம் நம் தோட்டங்களில் நீண்ட காலமாக நிகழ்ந்து வந்துள்ளது. பெற்றோரைக் குறை கூறுவது எளிது. அந்தக் குடும்பத்தின் அடுப்பு எரிகின்றதா என்று பார்ப்பதுவே கிறிஸ்தவ அன்பு. பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை அறிந்த சாவரா அடிகளார் முதலில் சோற்றுக்கு வழி செய்தார். நம் பங்கில் பாடசாலையை விட்டு நின்றுவிட்ட பிள்ளை ஒன்று இருந்தால், அதன் வீட்டுக்கு அருகிலுள்ள நான்கு குடும்பங்கள் ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வைத்தால் போதும். அந்தப் பிள்ளை சாதாரண தரம் வரையாவது படித்துவிடும். அந்த ஒரு பிள்ளையே இடிந்த பள்ளியின் முதற் கல்.

மலைச்சரிவில் விழுந்த சுவரை மீண்டும் கட்டும் நாளில், கொத்தனாரின் கல்லோடு நம் வீட்டுப் பிடியரிசியும் அங்கு சேரட்டும். அப்போது அந்தப் பாடசாலை நம்முடையதாகும். நம்முடையதைக் காப்பதற்கு நாம் தயங்கமாட்டோம்.

செபிப்போமாக: சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிட்ட ஆண்டவரே, புனித சாவரா வழியாக ஏழைகளின் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கூடமாக்கிய உமது இரக்கத்திற்கு நன்றி கூறுகின்றோம். மலையகத்துப் பிள்ளைகள் அனைவரும் பசியின்றி, பயமின்றிக் கற்று வளர அருள் தாரும். எங்களிடம் உள்ள சிறிதையும் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் மனத்தை எங்கள் குடும்பங்களுக்குத் தந்தருளும். ஆமென்.

புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவராவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.